நடுக்கட்டில்காரன் வைத்த பேனர்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், அரசியல் அறிவியலில் முனைவர் பட்டமும் வாங்கிக்கொண்டு, இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் குடிமகனின் கடமைகளைப் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிற நான், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஒரு பிளெக்ஸ் பேனர் வைத்தேன். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. பேனரில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தது நான்.

அப்படி வைப்பது சட்டப்படி தவறு என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக நானே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு பையன் நன்றாகவே எழுதியிருந்தான். நாலரை போட்டேன்.

எல்லாம் ஒரு பஸ்ஸுக்காக.

என் தங்கையைக் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் எங்கள் கல்லூரியிலேயே கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சேரும்போது, "அரசியல் அறிவியல் எடு, நான் பார்த்துக்கறேன்" என்றேன். "உங்களப் பாத்த பொறகுமா மாமா?" என்று கேட்டுவிட்டுக் கணிதத்துக்கு விண்ணப்பம் போட்டாள். போகட்டும். அவளுக்குக் கடைசி வகுப்பு முடிவது நாலரைக்கு. அவள் ஊர்ப் பக்கம் போகும் டவுன் பஸ் கல்லூரி வாசலைத் தாண்டுவது நாலு பத்துக்கு. அதை விட்டால் அடுத்தது ஆறரை. அதில் ஏறினால் கூட்டு ரோட்டில் இறங்க ஏழு இருபது. அங்கிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீட்டர், இரு பக்கமும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லை, வழியில் ஒரே ஒரு தெருவிளக்கு. அதுவும் எரிகிறதா இல்லையா என்பது அந்த விளக்கின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

முக்கால்வாசி நாள் என் தங்கை வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வந்து கூட்டு ரோட்டில் நிற்பார். ஆனால் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போட்டாக வேண்டிய மனிதர் அவர். தினமும் நிற்க முடியாது. ஐப்பசி பௌர்ணமி அன்றைக்கு, இருந்த பஸ்ஸையெல்லாம் கிரிவலச் சிறப்புப் பஸ் ஆக்கிவிட்டார்கள். ஆறரை வண்டி வரவேயில்லை. மழை வேறு. பெண் வீடு வந்து சேர ஒன்பது மணி. மறுநாள் காலையில் என் மாப்பிள்ளை முடிவெடுத்துவிட்டார்: இந்த செமஸ்டரோடு போதும்.

நான் நேரில் போய்ப் பெண் கல்வியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் எங்க மச்சான் படிக்க வேணாம்னு சொன்னேன்? நாலரைக்கு கிளாஸ வுட்டுட்டு நாலு பத்துக்கு பஸ்ஸ வுடறான் பாருங்க, அவன்தான் சொல்றான்."

ஆக, விஷயம் நாற்பது நிமிஷம். நாலு பத்தை நாலு ஐம்பது ஆக்கினால் ஒரு பெண் பட்டதாரி ஆவாள்; ஆக்காவிட்டால் மாட்டாள். இவ்வளவு சின்ன விஷயம் எந்த அரசியல் கோட்பாட்டு நூலிலும் வராததால், எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் தங்கைக்குத் தெரிந்திருந்தது. "ண்ணா, உங்கூட ரூம்ல தங்கிப் படிச்சவரு பெரிய பதவியில இருக்காருன்னு, போற கல்யாணத்துலயெல்லாம் பந்தி முடியற வரைக்கும் சொல்லுவியே. அவர ஒரு வார்த்த கேளேன்."

முப்பது வருஷமாக வாயால் வளர்த்த மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து உழு என்கிறாள்.

அந்த மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பல்கலைக்கழக விடுதியில் எங்கள் அறையில் மூன்று கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவன் இன்று ஆட்சியில் பெரிய இடத்தில் இருக்கிறான். என்ன பதவி என்று சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், விட்டுவிடுங்கள். கதவோரக் கட்டிலில் இருந்தவன் எதிரணியில் பெரிய ஆள். ஜன்னலோரத்தான் ஒரு திட்டத்தைத் திறந்துவைத்தால், மறுநாள் காலையில் கதவோரத்தான் அதில் என்ன ஓட்டை என்று அறிக்கை விடுவான். நடுக்கட்டில் என்னுடையது. இரண்டு வருஷம் ராத்திரியில் அவர்கள் இருவரும் என்னைத் தாண்டித்தான் அரசியல் பேசினார்கள். அதாவது, தூங்கிக்கொண்டிருந்த என் உடம்பின் மேல்தான் பிற்காலத்து அரசியல் உருவானது. இதை நான் எங்கே சொன்னாலும் ஒரு மரியாதை கிடைக்கும். இரண்டாவது தடவை சொன்னால் கொஞ்சம் குறையும்.

என் முனைவர் பட்ட ஆய்வே இதுதான்: பல்கலைக்கழகங்கள் எப்படி அரசியல் தலைமையை உருவாக்குகின்றன. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். நூலகம், விவாத மன்றம், பேராசிரியர்களின் கருத்துத் தாக்கம் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். ஜன்னலோரத்தான் நூலகத்துக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தான், மழைக்கு ஒதுங்க. கதவோரத்தான் விவாத மன்றத்தில் ஒரு நாளும் பேசியதில்லை. இந்த மாதிரி சில்லறை உண்மைகளெல்லாம் ஒரு நல்ல கோட்பாட்டை அசைக்க நான் விட்டதில்லை.

அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்றால், விடுதியில் எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் ஜன்னலோரத்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். எவன் லீவுக்கு ஊருக்குப் போனாலும் கதவோரத்தான் அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், சரியான வண்டியில் ஏற்றிவிட்டு வருவான். யாருக்கு எந்த ஊர், அந்த ஊருக்கு எந்த வண்டி, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அப்பாவுக்கு என்ன தொழில், எல்லாம் இருவருக்கும் அத்துபடி. அந்த நேரத்தில் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

இறுதியாண்டில் மாணவர் பேரவைத் தலைவர் தேர்தல். ஒரே அறையிலிருந்து இருவரும் எதிரெதிராக நின்றார்கள். இருவருக்கும் பேச்சு எழுதிக் கொடுத்தது நான். இருவருமே அதைப் பேசவில்லை. தேர்தலுக்கு முந்தைய இரவு மட்டும் இருவருக்கும் நான் தேவைப்பட்டேன், ஏனென்றால் அந்த மாடியிலேயே இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். விடுதியில் அதற்குத் தடை. வார்டன் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை இரண்டையும் என் கட்டிலிலேயே விரித்துத் தேய்த்தார்கள். கட்டில் நடுவில் இருந்ததால் வசதி. நான் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். பெட்டியில் இன்னும் சூடு இருந்ததால், "உன்னுதும் குடுடா" என்று என்னுடையதையும் தேய்த்துக் கொடுத்தான் கதவோரத்தான்.

மறுநாள் நான் ஓட்டுப் போடவில்லை. வாக்களிப்பில் மக்கள் ஏன் ஆர்வம் காட்டுவதில்லை என்று நூலகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வாக்குப்பதிவு முடிந்திருந்தது. கதவோரத்தான் சொற்ப ஓட்டில் ஜெயித்தான். தோற்றவன் ஜெயித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு எடுத்ததுதான் அந்தப் போட்டோ. புகைப்படக்காரர், இரண்டு உயரமான ஆளுக்கு நடுவில் ஒரு கட்டையான ஆள் நின்றால் அமைப்பாக வரும் என்றார். நான் அகப்பட்டேன். படிக்கட்டுக் கைப்பிடியில் கை வைப்பதுபோல இருவரும் என் தோளில் ஆளுக்கொரு கையை வைத்தார்கள். கிளிக்.

தங்கை கேட்டுவிட்டாளே என்று ஒரு வாரம் ஜன்னலோரத்தானுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். எடுத்தவர் ஒவ்வொரு தடவையும் "அண்ணன் மீட்டிங்ல இருக்காரு" என்றார். கடைசித் தடவை நான் பேர் சொல்வதற்கு முன்பே சொன்னார். அப்புறம்தான் மார்கழிப் பௌர்ணமிக்கு அவன் அடி அண்ணாமலையில் அன்னதானத்தைத் தொடங்கிவைக்க வருகிறான் என்று தெரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு. எல்லா வேலையையும் நாலு மணியை ஒட்டித்தான் வைக்கிறார்கள், அந்த பஸ் உட்பட.

மருமகள் முறையான அந்தப் பெண் ஏற்கெனவே மனு எழுதிவைத்திருந்தாள். மூன்று பக்கம். "நானே குடுத்துடறேன் மாமா. நீங்க சும்மா கூட வந்து நில்லுங்க, போதும்."

"மனு குடுக்கறவங்க ஆயிரம் பேர் வருவாங்கம்மா. கூட்டத்துல நம்மள எப்படி அடையாளம் தெரியும்?"

"மனுவுல பேர் இருக்கே."

அரசியல் தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டு பிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

டிசைன் செய்யும் தம்பி போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். "சார், மாவட்டம் போட்டோ குடுங்க. ஒன்றியம் போட்டோ குடுங்க."

அவர்கள் இருவரும் யார் என்று கேட்டேன். கட்சியில் மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்றும் ஒன்றியச் செயலாளரை ஒன்றியம் என்றும்தான் சொல்வார்களாம். மேலே தலைவர்கள் எலுமிச்சம்பழ சைஸில், அதற்குக் கீழே மாவட்டம் இளநீர் சைஸில், ஒன்றியம் தேங்காய் சைஸில், பேனர் வைப்பவர் கடைசியில் கொட்டைப்பாக்கு சைஸில் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். முந்நூறு பக்கத்தில் அதிகாரப் படிநிலையைப் பற்றி எழுதிய எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

"இது கட்சி பேனர் இல்லப்பா. கல்வி பேனர்" என்றேன்.

"பேனர்ல அந்த அயிட்டம் வராது சார்" என்றான். அப்புறம் திரையை உற்றுப் பார்த்தான். "சார், இந்தப் பக்கம் நிக்கறவரு அவராச்சே. ரெண்டு பேரையும் ஒரே பேனர்ல போட்டா கிழிச்சிடுவாங்க. க்ராப் பண்ணிடறேன்."

"வரலாற்றை க்ராப் பண்ணக் கூடாது" என்றேன். சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டு, காசை முதலிலேயே வாங்கிக்கொண்டான்.

வாசகம் நானே எழுதினேன்: "பல்கலைக்கழகம் பெற்றெடுத்த தலைவரே, வருக!"

பௌர்ணமி அன்று பேனர் மதியமே நின்றுவிட்டது. வெயில் தாழ்வதற்கு முன்பே சுற்ற ஆரம்பித்துவிட்ட கூட்டம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, வெறுங்காலோடு வந்தவர், பேனருக்கு முன்னால் நின்று, நடுவில் இருந்த என் படத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். இரு பக்கமும் சீடர்கள் நிற்க நடுவில் இருப்பவர்தான் குரு என்று நினைத்திருப்பார். அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பேனர் தன் வாழ்நாளில் முழு மரியாதையோடு இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அடுத்து வந்தது ஒன்றியம். வெள்ளை வேட்டி, பின்னால் பத்துப் பேர். பேனரைப் பார்த்தார். நின்றார். முகம் போன போக்கைப் பார்த்து நான் அவரும் நெகிழ்ந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"எவன்டா இத வெச்சவன்?"

"நான்தாங்க" என்றேன்.

"நீங்க யாரோட ஆளு சார்?"

"ஆளு இல்லீங்க. புரொபசர்."

"எங்க அண்ணன அவன்கூட நிக்க வெச்சிருக்கீங்க. எங்க மாவட்டத்தக் காணோம். என்னையும் காணோம். நீங்க யாருன்னே தெரியல, நடுவுல பெருசா நிக்கறீங்க." பிறகு வாசகத்தைப் படித்தார். அதுதான் அவரை ரொம்பவும் புண்படுத்திவிட்டது. "பல்கலைக்கழகம் பெத்துச்சா? அப்ப நாங்கள்லாம் இருபது வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்தோம், வேடிக்கயா? கழட்டுங்கடா!"

கழற்றினார்கள். சுருட்ட ஆரம்பித்தார்கள். மருமகள் மனுவை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான்தான் சொன்னேனே மாமா, சும்மா நில்லுங்கன்னு." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் உறைத்தது. அவள் படிப்பை முடிப்பதற்கு இருந்த ஒரே வழியை ஒரு பிளெக்ஸோடு சேர்த்து நான் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பாதி சுருட்டும்போது கார் வந்துவிட்டது. ஜன்னலோரத்தான் இறங்கினான். தலை நரைத்திருந்தது, சட்டை மட்டும் அன்றைக்குப் போலவே மடிப்புக் கலையாமல் இருந்தது.

"என்னய்யா அது சுருட்டறீங்க?"

"ஒண்ணுமில்லீங்கண்ணே. பழைய பேனர்."

"பிரிங்க."

நடுரோட்டில் பிரித்துப் பிடித்தார்கள். கிரிவலம் போன கூட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மாலைகளோடு வந்தவர்கள் மாலையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஒன்றியம் என்னை நோக்கி ஒரு பார்வை பார்த்தார். என் மதிப்பீட்டில் அது ஆள்கடத்தலுக்கு முந்தைய கட்டம்.

திடீரென்று அவன் சிரித்தான். போனை எடுத்தான். கூட்ட இரைச்சலில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், எங்க இருக்க? நேத்து சபையில என்னை அந்தக் கிழி கிழிச்சியே, தொண்ட எப்படி இருக்கு?"

"இஞ்சிச் சாறு குடிச்சேன், பரவால்ல" என்றது கதவோரத்தானின் குரல்.

பத்துப் பேரும் ஒன்றியமும் எங்கோ ஒரு மரத்தை ஆராய ஆரம்பித்தார்கள்.

"நம்ம ரூம் போட்டோ ஞாபகம் இருக்கா? எலக்சன் அன்னிக்கு எடுத்தது. எவனோ இங்க பன்னெண்டு அடியில வெச்சிருக்கான்டா."

"யாரு?"

"தெரியலயே. உன் பக்கம் நீ, என் பக்கம் நானு. நடுவுல ஒருத்தன் நிக்கறான். யார்ரா இது?"

நான் நாலடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் போய்ச் சொல்லலாமா, அல்லது ஒரு கல்வியாளனுக்கு உரிய கண்ணியத்தோடு காத்திருக்கலாமா என்று யோசித்தேன்.

"நடுவுலயா..." போனில் விரலைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. "ஏய்! இஸ்திரிடா அது! இஸ்திரிப் பெட்டி வெச்சிருந்தானே, அரிசி டின்னுல!"

"ஆமா! இஸ்திரி!" அவன் நிமிர்ந்து, என்னையும் பேனரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "டேய் இஸ்திரி! நீயாடா?" பாய்ந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். உண்மையான பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் எலும்பு நொறுங்கியது. "எப்படிடா இருக்க? உன் பேரு... சொல்லு சொல்லு..."

சொன்னேன். "அதான், அதான்" என்றான், முதல் தடவையாகக் கேட்கும் பேருக்குச் சொல்வதுபோல.

இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். "நம்ம பல்கலைக்கழகம்தான் உன்னை மாதிரி ஒரு தலைமைய..."

"அதவுடு. என்னடா வேணும்?"

"ஒரு பஸ்."

"எந்த வண்டி? டவுன் பஸ்ஸா, மப்சலா? எத்தினி மணிக்கு எடுக்கறான்?"

"நாலு... நாலரையா... இல்ல, நாலரை காலேஜ். பஸ் வந்து..."

"நாலு பத்துங்க" என்றாள் மருமகள். "டவுன் பஸ். பஸ் ஸ்டாண்டுல மூணு அம்பதுக்கு எடுக்கறாங்க. காலேஜ் வாசல் நாலு பத்து. எங்களுக்கு நாலு அம்பது வேணும்."

அவன் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க இறங்கற?"

"கூட்டு ரோட்டுலங்க."

"அங்கேந்து ஊரு எவ்ளோ தூரம்? நடுவுல லைட் இருக்கா?"

"ரெண்டு கிலோமீட்டருங்க. ஒரு லைட்டு. எரிஞ்சா உண்டு."

"எத்தினி பேரு வரீங்க?"

"எங்க ஸ்டாப்புல ஒம்போது பேரு. அதுக்கு முன்னாடி மூணு ஸ்டாப்புல பதினாறு. ஸ்டாப் வாரியா பேரு எழுதியிருக்கோங்க."

அவன் மனுவை வாங்கிப் புரட்டினான். "சரி, நாலு பத்த அம்பதுக்குத் தள்ளிட்டா, இப்ப நாலு பத்துல போறவங்க சண்டைக்கு வருவாங்களே? யாரு போறாங்க அதுல?"

எனக்கு அப்படி ஒரு கூட்டம் இருப்பதே அப்போதுதான் தெரியும்.

"மார்க்கெட்ல கீரை, காய் வித்துட்டுப் போற அம்மாங்கங்க. அவங்களையும் கேட்டோம். அம்பதுன்னா கூடையக் கட்ட டைம் கெடைக்கும், இன்னும் நல்லதுன்னாங்க. மூணாவது பக்கத்துல அவங்க கையெழுத்தும் கைநாட்டும் இருக்கு."

அவன் மூன்றாவது பக்கத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியையோ ஒரு காய்ச்சல்காரனையோ பார்த்தபோது அவன் கண்ணில் வந்த அதே கவனம். அதை நான் அன்றைக்கும் பார்த்திருக்கிறேன், குறித்துக்கொள்ளத்தான் தோன்றவில்லை.

"என்னம்மா படிக்கற?"

"மேத்ஸுங்க."

"பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கலியா?"

"அத மாமா பாத்துக்கறாருங்க."

ஒன்றியம் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்குள் சமாதானம் ஏற்பட்டது அந்தச் சிரிப்பில்தான். அவன் மனுவின் தலையில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு உதவியாளரிடம் கொடுத்தான்.

அப்போதுதான் அவன் கையில் இருந்த போன் பேசியது: "நாலு பத்து வண்டியா? இருபத்தஞ்சு பொண்ணுங்களா? மார்க்கெட் அம்மாங்களும் இருக்காங்களா? நல்ல மேட்டருடா!"

"ஐயோ, ஆஃப் பண்ணலியா நானு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் ஜன்னலோரத்தான்.

மறுநாள் காலை பேப்பரில் கதவோரத்தானின் அறிக்கை வந்துவிட்டது. கல்லூரி மாணவிகளை இருட்டில் நடக்கவிடும் இந்த ஆட்சியைக் கண்டித்து, ஒரு வாரத்தில் பஸ் நேரம் மாற்றப்படாவிட்டால் மறியல். அன்று மதியமே ஜன்னலோரத்தான் தரப்பில், இது அண்ணன் ஏற்கெனவே ஆணையிட்ட விஷயம் என்று பதில் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து டவுன் பஸ்ஸுக்காக இவ்வளவு பெரிய மனிதர்கள் இவ்வளவு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. என் ஆய்வின் முடிவு சரிதான் என்று அன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்தது. பல்கலைக்கழகம் தலைவர்களை உருவாக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் நான் எந்தக் கட்டிடத்தில் இருந்தேன் என்பதுதான் சிக்கல்.

பத்தாவது நாள் நேரம் மாறியது. என் மாப்பிள்ளை அதை நம்பவில்லை. பேப்பரில் வருவதெல்லாம் ரோட்டில் வருமா, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். எனவே முதல் நாள் சாயங்காலம் இருவரும் கூட்டு ரோட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தோம்.

அங்கே இரண்டு புது பேனர். ரோட்டின் இந்தப் பக்கம் ஜன்னலோரத்தான்: மாணவிகளுக்குப் பஸ் தந்த மாணவர் தலைவரே! அந்தப் பக்கம் கதவோரத்தான்: போராடிப் பஸ் பெற்றுத் தந்த மாணவர் தலைவரே! இரண்டிலும் இளமைக் காலப் படம். என் படம்தான், அந்த ஹாஸ்டல் போட்டோ. அந்தப் பிளெக்ஸ் கடைத் தம்பி இரண்டு கட்சிக்கும் அதையே வெட்டிக் கொடுத்திருக்கிறான். மாவட்டமும் ஒன்றியமும் முறைப்படி இளநீரும் தேங்காயுமாக இருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பேனரில் ஜன்னலோரத்தானின் கைக்குக் கீழே என் இடது தோள் மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்துப் பேனரில் வலது தோள். கழுத்துக்கு மேல் நான் எங்கேயும் இல்லை. நடுவில் இருக்க வேண்டிய மீதி, ரோடாக இருந்தது.

ஐந்து நாற்பதுக்கு பஸ் வந்தது. வானத்தில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாசலில் இறங்கினார்கள்; என் மாப்பிள்ளை வாய்க்குள்ளேயே எண்ணினார். எட்டாவதாக எங்கள் பெண் இறங்கினாள். அப்பாவைப் பார்த்து நின்றாள். அவர் மேற்கே சூரியனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அடுத்த செமஸ்டரு எப்ப ஆரம்பிக்கறாங்களாம்?"

அவள் புத்தகப் பையை அவரிடம் கொடுத்துவிட்டு, தோழிகளோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் ஒரு கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார், அழகாகத்தான் இருந்தது.

மகிழ்ச்சியில் அவருக்கு என் மேல் பெருமை பொங்கிவிட்டது. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பேனரையும் காட்டினார். "அண்ணே, இந்த பஸ்ஸு வந்ததே எங்க மச்சானாலதான். அதுல பாருங்க, அந்தத் தோளு. இதுல பாருங்க, இந்தத் தோளு. ரெண்டும் இவருதுதான். சார் பெரிய டாக்டரு, காலேஜுல."

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கடைசியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"சட்ட மடிப்பு ஜோரா இருக்கு" என்றார். "சாரு அப்ப இஸ்திரிக் கடை வெச்சிருந்தாரா?"